புதியவனுக்குச் சான்று யார்?
கொழும்பிற் குடியேறிய தமிழர் வரலாறு பற்றிய ஓர் ஆராய்வு

பிறந்த ஊரை விட்டு மற்றோர் ஊரிற் குடிபுகுதல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கதையே ஒரு குடிபெயர்வை அச்சாகக் கொண்டு சுழல்வதாகும். இழந்த பொருளை மீண்டும் ஈட்டக் கருதிய கோவலன், கண்ணகியுடன் புகாரை நீங்கி மதுரையை அடைந்தான். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் அவ்விருவரையும் மாதரி என்னும் இடைக்குல மடந்தையிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். உறைவதற்கு ஓர் இல்லமும் உண்பதற்கு ஒரு பிடி சோறும் அந்நகரில் அவர்களுக்குக் கிடைத்தன. ஆயினும், பொற்கொல்லன் பொய்க்குற்றஞ் சாட்டிய வேளையில், 'இவனை யான் அறிவேன்; இவன் கள்வனல்லன்' என்று எடுத்துரைக்க அப்பெருநகரில் ஒருவரேனும் முன்வரவில்லை. புகாரில் மாசாத்துவானின் மகன் என்ற பெயரே அவனுக்குப் போதிய சான்றாக இருந்திருக்கும். மதுரையில் அவ்வேளை அப்பெயரை எடுத்துரைப்பார் இலர்.

ஒரு நகரிற் புதிதாகக் குடியேறுபவனின் முதற் குறை பொருளின்மையன்று, மொழியறியாமையுமன்று. தன்னை இன்னான் என்று உரைப்பதற்கு ஒருவர் இன்மையே அவனுடைய முதற் குறை. இக்குறையை வடபுலத்திலிருந்தும் கீழ்ப்புலத்திலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் கொழும்பிற்கு வந்த தமிழர் எவ்வாறு நிறைவு செய்துகொண்டனர், அந்நிறைவு எந்தெந்தக் காலங்களிற் குலைந்தது, இன்று அது யாருடைய கடமையாக நிற்கின்றது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பு எத்தகைய நகர்?

கொழும்பைப் பெருநகர் என்று நாம் வழங்குகின்றோம். உலக நகரங்களோடு ஒப்பிட்டால் அது நடுத்தர அளவினதே. 1871ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முறையாக முறைப்படி குடிசன மதிப்பு எடுக்கப்பட்டபோது நகரின் மக்கள் தொகை ஓர் இலட்சத்தை எட்டவில்லை. 1901இல் அது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். 1946இல் மூன்று இலட்சத்து அறுபதினாயிரம் அளவு. 1981இல் ஐந்து இலட்சத்து எண்பதினாயிரத்தைக் கடந்த தொகை 2012இல் ஐந்து இலட்சத்து அறுபதினாயிரம் அளவிற்குச் சற்றே இறங்கியிருந்தது. மாநகரசபை எல்லைக்குள் இடம் நிரம்பிவிட்டமையால் வளர்ச்சி எல்லைக்கு அப்பாற் பெருகிற்று. தெற்கே தெகிவளை, கல்கிசை, இரத்மலானையும் வடக்கே களனி கங்கைக்கு அப்பால் பேலியகொடை, வத்தளை, எந்தளையும் அவ்வாறு பெருகிய இடங்களாம்.

இந்நடுத்தர அளவு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத ஒரு செய்தி. மிகப் பெரிய நகரில் ஒருவன் மற்றொருவனை அறியான். சிற்றூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். கொழும்போ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இங்கே ஒருவனைச் சிலர் அறிவர், பலர் அறியார். ஆகவே யாரால் அறியப்பட்டவன் என்பது இந்நகரில் ஒருவனுடைய வாழ்வைத் துணியும் பொருளாயிற்று. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை முன்னின்று நடத்தி அதன் பேரறிக்கையை வரைந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. இத்தீவின் மக்களை எண்ணிக் கணக்கிட்டு உலகிற்கு அறிவித்த அப்பெருமகனார், கொழும்பிற் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெயரனாவர்.

முற்காலக் குடியேற்றங்கள்

1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா என்னும் அராபியப் பயணி, 'கலன்பு' என்று இந்நகரைக் குறித்துச் சென்றார். அக்காலத்திற் கொழும்பு ஒரு சிறு துறைமுகப்பட்டினமாய் இருந்தது. 15ஆம் நூற்றாண்டிற் கோட்டை இராச்சியம் ஓங்கியிருந்தபோது தொட்டகமுவே சிறீ இராகுல தேரர் இயற்றிய 'செலலிகினி சந்தேசய' என்னும் சிங்களத் தூதுக் காவியம் நமக்கு ஓர் அரிய செய்தியை வழங்குகின்றது. கோட்டையிலிருந்து களனியிலுள்ள விபீடணன் கோயிலுக்குத் தூது செல்லும் பறவை, இடைவழியில் ஈசுவரன் கோயிலொன்றிலே தமிழ்த் தோத்திரங்கள் பாடப்படுவதைக் காணும் என அந்நூல் கூறுகின்றது. பௌத்த பிக்கு ஒருவர், தம் அரசனின் தலைநகரிலே ஒலித்த தமிழிசையைத் தம் காவியத்தில் இடம்பெறச் செய்தார். அந்நகரில் வாழ்ந்த தமிழர்க்கு இதனினும் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்? அயலான் நாவினின்று தானாக எழுந்த சான்று அது.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலங்களில் வணிகத்தின் பொருட்டு வந்த செட்டிமார் கொழும்பிற் குடியேறினர். பின்னர் ஆங்கிலேயர் காலத்திற் செட்டியார் தெருவும் அதிலுள்ள கதிரேசன் கோயில்களும் சிறப்புற்றன. ஆடி மாதத்திற் செட்டியார் தெருவிலிருந்து வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் செல்லும் வேல் விழா, நகரின் வடபாதியையும் தென்பாதியையும் ஒரு தேர்வடத்தாற் கட்டியது போன்றதாகும். இத்தேரைக் காணச் சிங்களவரும் முஸ்லிம்களும் காலி வீதியின் இருமருங்கிலுந் திரண்டு நிற்பது வழக்கம்.

பருத்தித்துறைப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பிற்கு வந்தவர் ஆறுமுகத்தாபிள்ளை குமாரசுவாமி முதலியார். அரசாங்க மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1830களிற் சட்டநிரூபண சபையில் தமிழருக்கு உறுப்பினரானார். அவர் மகளை மணந்த பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை நிறுவினார். அதனைப் பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கற்றிருப்பணியாகச் செய்வித்தவர் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவ்விராமநாதனையே 1911ஆம் ஆண்டு, படித்த இலங்கையர்க்கென வகுக்கப்பட்ட ஆசனத்திற்குச் சிங்களவரும் தமிழரும் வாக்களித்துத் தெரிவு செய்தனர். மூன்று தலைமுறையில் ஒரு புதிய குடி, பிறர்க்காகப் பேசும் குடியாக மாறிற்று. இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. நகரம் தன்னை அறியவேண்டுமென்று அக்குடும்பத்தார் வாளா காத்திருந்தாரல்லர். நகருக்குத் தாமும் ஒன்று ஈந்தனர்.

புகையிரதமும் இலிகிதரும்

மேற்கூறியவர் சிலரே. பலரின் வருகைக்கு வழிதிறந்தது புகையிரதம். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பை அடைய விரும்பியவர் கரையோரக் கப்பல்களை நாடவேண்டும். அன்றேல் வன்னிக் காட்டினூடாகப் பல நாள் வழிநடக்கவேண்டும். 1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடத்தொடங்கிய புகைவண்டி, 1905இல் கொழும்புவரை இணைக்கப்பட்டது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவு ஒரு நாட் பயணமாகச் சுருங்கிற்று. தொலைவு சுருங்கியமையாற் பிரிவின் அச்சமும் சுருங்கிற்று.

இதற்கு முன்னரே மிசனரிமாரும் அவர்க்கு மாறாக எழுந்த சைவப் பெரியாரும் நிறுவிய பாடசாலைகள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலங் கற்ற இளைஞரைப் பெருக்கியிருந்தன. நீர் அரிதாகிய அந்நிலத்தில், கிணற்றிலிருந்து இறைத்த நீராற் புகையிலைத் தோட்டஞ் செய்த குடும்பங்களுக்கு மக்கள் பெருகப் பெருக நிலம் போதவில்லை. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழி இவ்விரு காரணங்களின் சந்திப்பிற் பிறந்ததாகும். சிலர் மலாயாவுக்குச் சென்றனர். பலர் கொழும்பிலுள்ள கந்தோர்களில் இலிகிதராயினர்.

இவ்விலிகிதரின் வாழ்க்கை முறையை ஆராய்வோமாயின் அது குடியேற்றமன்று, தங்கலே என்பது விளங்கும். ஒரே ஊரவர் ஐவர் அறுவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பெற்று, ஊரிலிருந்தே ஒரு சமையற்காரரை வருவித்துச் செலவைப் பகிர்ந்து வாழ்ந்தனர். சைவக் கடைகளில் மாதக் கணக்கு வைத்து உண்டாரும் உளர். மனைவி மக்கள் ஊரிலிருந்தனர். மாதந்தோறுங் காசுக்கட்டளை வடக்கே சென்றது. ஒடியலும் பினாட்டும் மிளகாய்த்தூளும் தெற்கே வந்தன. விடுமுறைக்கு ஊர் சென்று, இளைப்பாறியபின் ஊரிலேயே வீடுகட்டி வாழ்வது அவர்தம் கருத்து. முப்பது ஆண்டு கொழும்பில் வாழ்ந்தவரும் தம் ஊர் எதுவென வினாவினாற் கொக்குவில் என்றோ கரவெட்டி என்றோ கூறினரேயன்றிக் கொழும்பென்று கூறவில்லை.

இம்முறையிற் புதியவனுக்குச் சான்று எளிதிற் கிடைத்தது. கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் இளைஞனின் சட்டைப்பையில் ஊர்ப்பெரியவர் ஒருவர் எழுதிய கடிதம் இருக்கும். அக்கடிதத்தை ஏற்பவர் 'நீ இன்னாரின் மகனல்லவா?' என்று வரவேற்பார். அறையும் உணவும் பின்னர் உத்தியோகமும் அவ்வொரு வினாவின் வழியே வந்தன. ஆனால் இம்முறைக்கு ஒரு குறையுமுண்டு. இச்சான்று ஊரவரால் ஊரவர்க்கு வழங்கப்பட்டது. பக்கத்து வீட்டுச் சிங்களவரோ பறங்கியரோ அவ்விளைஞனை அறியார். அவனும் அவர்களை அறிய முயலவில்லை. ஊர்க்கடிதம் ஊரின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் நாணயம் போன்றது.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

கொழும்புத் தமிழர் என ஒரே சொல்லால் வழங்கினும் அவர்தம் வரலாறு இருகூறாயது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு அது 1885இல் நிறைவுற்றபின் கப்பல் போக்குவரத்துக் காலியை விட்டுக் கொழும்பிற்கு மாறிற்று. நிலக்கரியும் தேயிலையும் அரிசி மூட்டையும் சுமக்க ஆயிரக்கணக்கான தொழிலாளர் தேவைப்பட்டனர். தமிழகத்திலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் வந்த அன்னோர் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் ஆகிய பகுதிகளிற் குடியேறினர். முன்னர் அங்கு மாளிகைகளில் வாழ்ந்த செல்வர் கறுவாத்தோட்டத்திற்கு விலகினர்; மாளிகைகள் அறை அறையாகப் பிரிந்தன. 1899இல் ஓடத் தொடங்கிய திறாம் வண்டி கிராண்ட்பாஸ் வரை வந்தது. 1930இல் தோன்றிய வீரகேசரி நாளிதழும் அக்கிராண்ட்பாஸ் வீதியிலிருந்தே வெளிவரலாயிற்று.

வெள்ளவத்தையோ கடற்கரையோரப் புகையிரதப் பாதையாலும் காலி வீதியாலும் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த நூற்பு நெசவு ஆலை அங்குத் தொழிலாளரைக் கொணர்ந்தது. எனினும் கடற்காற்று வீசும் அதன் ஒழுங்கைகளை நிரப்பியவர் பெரும்பாலும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் மருத்துவருமாகிய நடுத்தர வகுப்பினரே. ஒழுங்கைக்கு இலக்கமிட்டு அழைக்கும் அப்பகுதியைச் 'சின்ன யாழ்ப்பாணம்' என்று பிறர் நகையாகவும் நாம் பெருமையாகவும் கூறுவதுண்டு.

இவ்விருசாராரில் ஊர்க்கடிதம் கொணர்ந்தவர் வெள்ளவத்தையார். துறைமுகத் தொழிலாளியிடம் கங்காணியின் ஏட்டிற் பதியப்பட்ட ஒரு பெயரே இருந்தது. இவ்வேறுபாட்டின் கொடுமை 1939இல் வெளிப்பட்டது. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியத் தொழிலாளரை நீக்க அவ்வாண்டில் முடிவு செய்யப்பட்டது. அதுபற்றிப் பேச வந்த சவகர்லால் நேருவின் வருகையையொட்டியே இலங்கை இந்தியர் காங்கிரசு தோன்றிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இங்குப் பிறந்தமைக்குப் பத்திரங் கேட்டது. நகரின் துறைமுகத்தைத் தம் தோளாற் கட்டியெழுப்பியவரிடம், நீர் யாரென நிறுவுதற்குச் சான்று எங்கேயென்று சட்டம் வினாவிய நிலையை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. அவ்வேளையில் வெள்ளவத்தைத் தமிழர் எல்லோரும் கொட்டாஞ்சேனைத் தமிழர்க்காக நின்றனர் எனக் கூறுதற்கில்லை. அச்சட்டத்தை எதிர்ப்பதா என்ற வினாவே தமிழ்க் காங்கிரசைப் பிளந்து, 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றுவதற்கு ஒரு காரணமாயிற்று.

தங்கல் குடியிருப்பாதல்

தங்கல் எப்போது குடியிருப்பாக மாறுகின்றது? மனிதன் தன் மனைவி மக்களை அழைத்துவரும்போது என்க. ஆடவர் தனித்து வாழ்ந்த காலத்தில் விடுதியும் உணவுக்கடையும் போதியனவாயிருந்தன. பெண்கள் வந்தபின் கோயிலும் பாடசாலையும் இன்றியமையாதனவாயின. சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியிற் கொழும்பில் இறங்கிச் சொற்பொழிவாற்றிய எழுச்சியின் பயனாக 1902இல் விவேகானந்த சபை உருவாயிற்று. கொட்டாஞ்சேனையிலிருந்து அது நடத்தும் சைவசமயப் பரீட்சை நாடெங்குமுள்ள மாணவரைச் சென்றடைந்தது. 1930இல் சைவ மங்கையர் கழகம் தோன்றி, பின்னர் வெள்ளவத்தையிற் பெண்களுக்கெனப் பாடசாலை அமைத்தது. இராமகிருஷ்ண மிசனும் வெள்ளவத்தையில் வேரூன்றிற்று. 1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகிக் கொழும்பில் வாழ்ந்து, 1947இல் இந்நகரிலேயே இறைவனடி சேர்ந்தார். 1951இல் பம்பலப்பிட்டியிற் பிள்ளையார் பாடசாலையாக அரும்பியது பின்னர் இந்துக் கல்லூரியாக மலர்ந்தது.

மகளைக் கொழும்பிற் பாடசாலைக்கு அனுப்பும் தந்தை, தான் இங்கேயே வாழப்போவதை வாயாற் சொல்லாவிடினும் செயலாற் சொல்லிவிட்டான். ஆதலால் இந்நிறுவனங்களின் ஆண்டுகளைத் தொடர்ந்து நோக்கினாற் கொழும்புத் தமிழரின் மனமாற்றத்தின் ஆண்டுகளையே நாம் காண்கின்றோம்.

இவ்வாறு தமக்கென நிறுவனங் கண்டவருள் நகர் முழுமைக்கும் பணியாற்றியவரும் உளர். மருத்துவர் இரத்தினசோதி சரவணமுத்து 1937இல் கொழும்பு மாநகரத்தின் தெரிவுசெய்யப்பட்ட முதல் மேயரானார். அவர் மனைவியார் நேசம் சரவணமுத்து 1932இல் கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். தமிழ் வாக்காளர் மட்டுமே தந்த வெற்றிகளல்ல இவை. கொட்டாஞ்சேனையின் ஏழைச் சிங்களவரும் முஸ்லிமும் கிறித்தவரும் இவர்களை அறிந்திருந்தனர், அறிந்து வாக்களித்தனர்.

சான்று குலைந்த காலம்

1956ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அரசகரும மொழிச் சட்டம் இலிகிதரின் உலகைத் தலைகீழாக்கிற்று. அரைநூற்றாண்டாக ஆங்கிலம் அவருக்கு ஊன்றுகோலாயிருந்தது. அது பறிக்கப்பட்டபோது அயலாரின் மொழியைப் படித்துத் தேறவேண்டுமென ஆணை பிறந்தது. ஆணையாற் கற்பிக்கப்படும் மொழி அன்பாற் கற்கும் மொழியாகாது. 1958இல் கலகம் மூண்டது. ஆயிரக்கணக்கானோர் றோயல் கல்லூரி முதலிய இடங்களில் அகதிகளாயிருந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தனர். 1977இலும் அவ்வாறே. ஒவ்வொரு முறையும் பலர் மீண்டுங் கொழும்பிற்கே வந்தனர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி அவர்களைச் சுமந்து சென்றது, சுமந்து வந்தது.

1983 யூலையில் நிகழ்ந்தது முன்னையவற்றினும் வேறானது. வெள்ளவத்தையிலும் பிற இடங்களிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்கள் பல மாண்டன. கலகக்காரர் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததெனக் கண்டவர் பலர் பதிவு செய்துள்ளனர். குடிமகன் என்பதற்குச் சான்றாக அமைந்த ஏடே அவன் வீட்டைக் காட்டிக்கொடுக்கும் ஏடாயிற்று. பட்டியல் ஒருவன் பெயரை அறியும், அவனை அறியாது. அவனை அறிந்தவர் அயலார். அன்று தம் வீட்டின் பின்னறையில் தமிழரை மறைத்து, 'இங்கு எவரும் இலர்' என்று வாசலில் நின்று கூறிய சிங்களக் குடும்பங்கள் பல. அவ்வாறு காக்கப்பட்டோர் பெரும்பாலும் அயலாருடன் பேசிப் பழகி, அவர்தம் நன்மை தீமைகளிற் பங்குகொண்டவராயிருந்தனர். இதனால் காக்கப்படாதவர் மீது குற்றஞ் சுமத்துவது கருத்தன்று. குற்றம் கொளுத்தியவரதும் தடுக்கத் தவறிய அதிகாரத்தினதுமே. ஆயினும் ஆபத்தில் உதவிய சான்று எதுவென்று வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. இரத்மலானை விமான நிலையக் கொட்டகைகளிலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் அடைக்கலம் புகுந்தவர் பலர் வடக்கே சென்றனர். அங்கிருந்து உலகெங்கும் சென்றனர்.

ஆனாற் கொழும்பு தமிழரின்றி வெறுமையாகவில்லை. போர் முற்றிய காலத்திற் குடிபெயர்ந்தோர் மீண்டும் இங்கே திரண்டனர். 1990இல் யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது; 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தனர். வெள்ளவத்தையில் அனெக்ஸ் என வழங்கும் பக்க வீடுகளும் தொடர்மாடிகளும், கொட்டாஞ்சேனையில் லொட்ஜுகளும் நிறைந்தன. வெளிநாடு செல்லக் காத்திருந்தவர் சிலர். செல்ல வழியின்றித் தங்கியவர் பலர். இவர்களுக்குச் சான்றாயிருந்தது பொலிஸ் பதிவுத் துண்டு. வந்த காரணத்தையும் தங்கும் நாளையும் எழுதிய அத்துண்டு இல்லாதவன் வீதியில் நிற்றலும் அரிதாயிற்று.

2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 300இற்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணமில்லை என்பதே கூறப்பட்ட குற்றம். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்கா வருத்தந் தெரிவித்தார். தன் நாட்டின் தலைநகரில் ஒரு குடிமகன் இருப்பதற்குக் காரணங் காட்டவேண்டுவதில்லை என்ற நெறி அன்று நீதிமன்றத்தின் வாயிலில் நின்று காக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவர் அம்முந்நூற்றுவரின் ஊரவரல்லர், உறவினருமல்லர். ஊர்க்கடிதத்தினும் உயர்ந்த சான்று இதுவேயாம்.

ஆற்றின் அக்கரை

இனி நிகழ்காலத்தை நோக்குவாம். கிராண்ட்பாஸ் என்பது பெருந்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயப் பெயரிலிருந்து வந்தது. அத்துறையின் அக்கரையே பேலியகொடை. தோணிகளைப் பிணைத்த மிதவைப் பாலம் 1820களில் இவ்விரு கரைகளையும் இணைத்தது. 1895இல் விக்ரோரியா இரும்புப் பாலமும், 1959இல் புதிய களனிப் பாலமும், 2021 நவம்பரில் கல்யாணி பொன்நுழைவுப் பாலமும் அடுத்தடுத்து எழுந்தன. 1875இல் இங்குத் தொடங்கிய வித்தியாலங்காரப் பிரிவெனா பின்னர் 1959இல் பல்கலைக்கழகமாகியது. இன்றைய களனிப் பல்கலைக்கழகத்தின் மூலம் அதுவே. கல்வியாற் புகழ்பெற்ற இவ்வூர் இன்று சந்தையாலும் அறியப்படுகின்றது. மீன் மொத்த வியாபாரம் புறக்கோட்டையிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. மனிங் சந்தையின் புதிய கட்டடமும் 2020 நவம்பரில் இங்கேயே திறக்கப்பட்டது. சந்தை மாறினால் நாட்டாமைமாரும் மாறவேண்டும். அவர்தம் குடும்பங்களும் மாறவேண்டும். நகரின் வாடகையைத் தாங்க இயலாதவரும் பாலத்தைக் கடந்து இக்கரையை நாடுகின்றனர்.

பேலியகொடையில் வசித்து ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இக்குடியேற்றம் நூலிற் படித்த செய்தியன்று. மலைநாட்டிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்து ஓரறையில் வாழும் தாய், தன் பிள்ளையை முதலாம் வகுப்பிற் சேர்க்கப் பாடசாலைப் படிகளில் ஏறுகின்றாள். வாக்காளர் இடாப்பிற் பெயர், பதிவுசெய்த குத்தகை ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல் என்பன கேட்கப்படுகின்றன. வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுத உடன்படார். ஆதலால் மின்சாரப் பட்டியல் அவள் பெயரில் வாராது. வதிவிடம் நிறுவப்படாமையால் இடாப்பிலும் பெயர் ஏறாது. ஒன்றில்லாமையால் மற்றொன்றில்லை. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி இப்பகுதிகளை மூடியபோது, இருந்த சில பத்திரங்களையும் வெள்ளத்திற்கு ஈந்தவர் உளர். 1948இல் சட்டம் கேட்ட அதே வினாவைச் சிறிய அளவிற் பாடசாலையின் வாயில் இன்று கேட்கின்றது. பாடசாலை அதிபரைக் குறைகூறுவதற்கில்லை. இடம் சில, விண்ணப்பம் பல. ஆயினும் விண்ணப்பத்தைச் சரிவர நிரப்பவும், கிராம உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்லவும், வீட்டுக்காரரிடம் எடுத்துரைத்து ஒப்பந்தம் பெறவும் அப்பகுதியை அறிந்த ஒருவர் உடன்சென்றாற் பாதித் தடை நீங்குவதைக் கண்கூடாகக் கண்டிருக்கின்றேன்.

அவ்வொருவர் யார்? அவர் நம் கல்லூரிகளிற் பயின்று இந்நகரில் நிலைபெற்ற பழைய மாணவராயிருத்தல் கூடாதா? நம் பாட்டன்மார் ஊர்க்கடிதத்துடன் வந்திறங்கியபோது அவர்க்காகக் கதவு திறந்தவர் இருந்தனர். இன்று வருபவர் நம் ஊரவரல்லர், நம் உறவினரல்லர் என்று கதவைச் சாத்துவோமாயின், இரு நூற்றாண்டாக இந்நகர் நமக்குக் கற்பித்த பாடத்தை நாம் கற்கவில்லை என்றே பொருள். நம் மாணவர் சிங்களத்தைத் தேர்வுக்காக மட்டுமன்றி அயலாருடன் உறவாடுதற்கும் கற்றல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் எந்த ஓரினமும் பாதித்தொகையை எட்டவில்லை. ஒருவர்க்கொருவர் சான்றாக நின்றாலன்றி எவரும் தனித்து வாழ இயலாத நகர் இது.

குடியிருத்தல் வேறு, குடியாதல் வேறு. வாடகை செலுத்துபவன் குடியிருக்கின்றான். தனக்குப் பின் வந்தவனைக் குறித்து 'இவரை யான் அறிவேன்' என்று கூற வல்லவனே அந்நகரின் குடியாகின்றான். மதுரையிற் கோவலனுக்குக் கிடையாத அச்சொல், நம்மவர் வாயினின்று நாள்தோறும் எழுமாக.